கோடுகள் ஏறின, வேகம் இறங்கியது: ஃபைபர் கூரை வேனில் இணைய சிக்னல், ஒரு நிகழ்வு ஆய்வு

எடுத்துக்கொண்ட வண்டி உயரக் கூரை போட்ட நடுத்தர வேன். உடல் முழுக்க இரும்புத் தகடு, கூரை மட்டும் பிற்பாடு மாற்றிப் போட்ட ஃபைபர், அதாவது கண்ணாடியிழை. உள்ளே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். பகலில் படங்களும் அறிக்கைகளும் போக வேண்டும், மாலையில் வண்டி நின்ற இடத்திலிருந்து ஒரு வீடியோ அழைப்பு பேச வேண்டும். போகும் வழியில் பாதிக்கு மேல் டவர் அரிதான மலையடிவாரம். இது ஒரு வகைமாதிரி அமைப்புதான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு கோளாறும் இத்தகைய வண்டிகளில் திரும்பத் திரும்பக் காணக்கூடியது. கேபிள் இழப்பு எண்கள் அந்தந்த ரகத்தின் அட்டவணை அளவை ஒட்டியவை. சிக்னல் அளவுகள் கணக்குப் போட்டும், இப்படிப்பட்ட அமைப்பில் எதிர்பார்க்க வேண்டியதை வைத்தும் தரப்பட்டவை.

ஆரம்பத்தில் வண்டியில் இருந்தவை இவை. டேஷ்போர்டில் ஒரு பாக்கெட் ஹாட்ஸ்பாட். கூரைமேல் ஒட்டிய சிறு இரும்புத் தகட்டில் காந்தத்தால் நிற்கும் '9 டிபிஐ' குச்சி ஆன்டெனா (டிபிஐ என்பது ஆன்டெனா சிக்னலை ஒரு திசையில் எவ்வளவு குவிக்கிறது என்பதன் அளவு). அதிலிருந்து 10 மீட்டர் ஆர்ஜி-58 கேபிள், மிச்சம் விழுந்தது சீட்டுக்கு அடியில் சுருட்டிக் கிடக்கிறது. கேபிளின் முனையில் 50 டெசிபெல் பெருக்கம் உள்ள பூஸ்டர், அதாவது வெளி ஆன்டெனா பிடிக்கும் சிக்னலைப் பெருக்கி உள் ஆன்டெனா வழியே வண்டிக்குள் பரப்பும் பெட்டி. பூஸ்டரின் உள் ஆன்டெனா கூரையின் உட்புறத்தில், வெளி ஆன்டெனாவுக்குச் சுமார் 1.2 மீட்டர் தள்ளி.

கோளாறு இப்படித் தெரிந்தது. பூஸ்டரைப் போட்டதும் போனில் சிக்னல் கோடுகள் ஒன்றிலிருந்து நான்காக ஏறின. பக்கங்கள் திறக்க முன்னைவிட அதிக நேரம் பிடித்தது. படங்கள் பாதியில் நின்றன. வீடியோ அழைப்பில் எதிர்முனையில் இருப்பவர் தெளிவாகத் தெரிந்தார், அவருக்கோ வேனில் இருப்பவரின் முகம் உறைந்து நின்றது. இந்தக் கடைசி அறிகுறிதான் வழக்கின் சாவி.

அளந்து பார்த்தால்

சிக்னல் கோடுகளை நம்பி எதையும் வாங்கக் கூடாது. அவற்றை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் விருப்பப்படி வரைகிறார். பார்க்க வேண்டிய எண்கள் மூன்று. ஆர்எஸ்ஆர்பி, டவரிலிருந்து வரும் குறிப்பு சிக்னலின் பலம்: -80 டிபிஎம் (சிக்னல் சக்தியின் டெசிபெல் அலகு) அருமை, -100 சுமார், -110க்குக் கீழே தடுமாற்றம், -120 விளிம்பு. எஸ்ஐஎன்ஆர், இரைச்சலுக்கும் மற்ற டவர்களின் குறுக்கீட்டுக்கும் மேலே சிக்னல் எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பது: 20க்கு மேல் மிக நன்று, 10க்குப் பக்கத்தில் வேலை நடக்கும், பூஜ்யத்துக்குக் கீழே போனால் இணைப்பு பெயரளவுக்குத்தான். மூன்றாவது ஆர்எஸ்ஆர்க்யூ, வாங்கும் சிக்னலின் தரம்: -10 நன்று, -15க்குக் கீழே போனால் டவரில் கூட்டம் என்றோ குறுக்கீடு என்றோ சந்தேகப்படலாம். இணைய வேகத்தைத் தீர்மானிப்பதில் எஸ்ஐஎன்ஆருக்கே பெரும்பங்கு.

ரவுட்டரானால் அதன் நிலைப் பக்கத்திலேயே இவை இருக்கும். ஐபோனில் *3001#12345#* என்று டயல் செய்தால் சோதனைத் திரை திறக்கும். ஆண்ட்ராய்டில் இதற்கென்றே செயலிகள் உண்டு. ஒரே நொடியின் எண்ணை எடுத்துக்கொள்ளாமல், ஓரிடத்தில் ஒரு நிமிடம் வைத்துச் சராசரியைப் பார்க்க வேண்டும். டெசிபெல் கணக்கில் 3 கூடினால் சக்தி இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு.

இந்த வேனை டவரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, இடையே ஒரு மேடு மறைக்கும் இடத்தில் நிறுத்தி, பூஸ்டரை அணைத்துவிட்டு நான்கு நிலைகளில் பார்க்கலாம். வெளியே தலை உயரத்தில் போனைப் பிடித்தால் ஆர்எஸ்ஆர்பி -108, எஸ்ஐஎன்ஆர் 6. டேஷ்போர்டில் -114. இருக்கைக்குக் கீழே, இரும்புத் தகட்டின் மறைவில் -120ஐ ஒட்டி. உள்ளேயே ஃபைபர் கூரைக்கு அடியில் உயர்த்திப் பிடித்தால் -108க்கும் -109க்கும் நடுவே. ஃபைபர் ரேடியோ அலையை ஏறக்குறைய அப்படியே விட்டுவிடுகிறது. இரும்புத் தகடும் உலோகப் பூச்சுள்ள கண்ணாடி ஒட்டுத்தாளும்தான் தடுக்கின்றன. ஆக, ஒரு பைசா செலவில்லாமல் ஹாட்ஸ்பாட்டை டேஷ்போர்டிலிருந்து எடுத்துக் கூரையடி அலமாரியில் வைத்தாலே 5 டெசிபெலுக்கு மேல் லாபம்.

பூஸ்டரைப் போட்டதும் அதே கூரையடியில் ஆர்எஸ்ஆர்பி -84, எஸ்ஐஎன்ஆர் 1. கோடுகள் ஏறியதும் வேகம் இறங்கியதும் இந்த இரண்டு எண்களுக்குள் அடக்கம். சிக்னலைப் பெருக்கியபோது இரைச்சலும் சேர்ந்தே பெருகியது, பூஸ்டர் தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்த்தது.

பூஸ்டர் ஏன் கெடுத்தது

பூஸ்டரின் வெளி ஆன்டெனாவும் உள் ஆன்டெனாவும் ஒன்றையொன்று கேட்கக் கூடாது. கேட்டால், ஒலிபெருக்கிக்கு முன்னால் மைக்கைப் பிடித்தால் கீச்சிடுவதைப் போல, பூஸ்டர் தன் குரலையே எடுத்துத் திரும்பத் திரும்பப் பெருக்க ஆரம்பித்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டுக்கும் இடையிலான தடுப்பு, பெருக்கத்தைவிடக் குறைந்தது 15 டெசிபெல் கூடுதலாக இருக்க வேண்டும். 50 டெசிபெல் பூஸ்டருக்கு 65 தேவை. வெறும் காற்றில் 1.2 மீட்டர் இடைவெளி 800 மெகாஹெர்ட்ஸில் கொடுக்கும் தடுப்பு சுமார் 32 டெசிபெல்தான். இரும்புக் கூரையாக இருந்தால் மிச்சத்தில் பெரும்பகுதியை அந்தத் தகடே பார்த்துக்கொண்டிருக்கும். ஃபைபர் கூரை எதையும் சேர்க்காது. நல்ல பூஸ்டர் இதை உணர்ந்து பெருக்கத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அல்லது அணைந்துவிடும். அதன் விளக்கு பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கோ சிவப்புக்கோ மாறும். விலை மலிந்த, அங்கீகாரமில்லாத பெட்டிகளில் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இருக்காது. அவை அலறிக்கொண்டே இருக்கும், அந்த அலறல் டவருக்கும் போய் அந்தப் பகுதியில் இருக்கும் எல்லோருடைய இணைப்பையும் கெடுக்கும். அவசர அழைப்புக்காக அதே டவரை நம்பியிருக்கும் ஒருவரும் அதில் அடக்கம். இதனால்தான் பல நாடுகளில் பூஸ்டர் விதிகள் கடுமையாக இருக்கின்றன. அமெரிக்காவில் சான்றளிக்கப்பட்ட பெட்டியை மட்டுமே, அதையும் தொலைபேசி நிறுவனத்தில் பதிவு செய்தே பயன்படுத்த வேண்டும். இந்தியாவில் அனுமதியில்லாமல் வைப்பது குற்றம். எந்த எல்லைக்குள் வண்டி போகிறதோ அந்த நாட்டின் விதியைப் பார்க்காமல் பூஸ்டரைப் போடக் கூடாது.

இரண்டாவது காரணம் கேபிள். ஆர்ஜி-58 கேபிளில் 900 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு அரை டெசிபெலும் 1800இல் முக்கால் டெசிபெலும் கரையும். 10 மீட்டரில் 1800 அலைவரிசையில் 7.5 டெசிபெல் போயிற்று, கனெக்டர்களில் இன்னும் ஒன்று. 9 டிபிஐ ஆன்டெனாவில் கைக்கு வந்தது அரை டெசிபெல். இந்த இழப்பு பூஸ்டருக்கு முன்னால் நடப்பதால், பூஸ்டர் எவ்வளவு பெருக்கினாலும் இழந்த எஸ்ஐஎன்ஆர் திரும்பி வராது. மிச்சக் கேபிளைச் சுருட்டி வைப்பது இழந்த டெசிபெலைச் சேமித்து வைப்பதற்குச் சமம். தேவையான நீளத்துக்கு வெட்டி, புதுக் கனெக்டர் போட வேண்டும்.

ஆன்டெனாவிலும் பிழை. காந்த அடியோடு வரும் குச்சி ஆன்டெனாக்களில் பல, தமக்குக் கீழே விரிந்த உலோகத் தளம் இருக்கும் என்று எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. தளம் எல்லாப் பக்கமும் குறைந்தது கால் அலைநீளமாவது இருக்க வேண்டும். 700 மெகாஹெர்ட்ஸுக்கு அது சுமார் 11 சென்டிமீட்டர். உள்ளங்கை அளவு இரும்புத் துண்டு அதற்குப் போதாது. தவிர, 9 டிபிஐ குச்சி தன் சக்தியைப் படுக்கைவாட்டில் மெல்லிய வளையமாகப் பரப்புகிறது. சமவெளியில் அது நல்லது. மலைப்பாதையில் டவர் மேலே உச்சியிலோ கீழே பள்ளத்திலோ இருக்கும், வண்டியும் சாய்ந்து ஏறும், வளையம் டவரைத் தவறவிடும். மலைக்கு 3 முதல் 5 டிபிஐ போதும், அதுதான் சரியும்கூட.

இனி அந்த ஒருவழி வீடியோவுக்கு வருவோம். டவர் ஓர் அலைவரிசையில் 40 வாட் வரை அனுப்பும். 4ஜி போனின் உச்சம் 23 டிபிஎம், அதாவது 0.2 வாட். 200 மடங்கு வித்தியாசம். தொலைவில் டவரின் குரல் நமக்குக் கேட்கும், நம் குரல் டவருக்குக் கேட்காது. அந்த நிலையில் டவர் நமக்குக் குறுகிய துண்டு அலைவரிசையை மட்டும் ஒதுக்கும், பதிவேற்றம் நொடிக்குச் சில நூறு கிலோபிட்டில் நின்றுவிடும். சில ரவுட்டர்கள் அனுப்பும் சக்தியையும் காட்டும். அது எப்போதும் 23இலேயே நின்றால் நோய் மேல்நோக்கிய பாதையில் என்று உறுதி. தனக்குள் அலறும் பூஸ்டர் இந்தப் பாதையின் பெருக்கத்தையும் குறைத்துவிடுவதால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

இன்னொன்று: 4ஜி ரவுட்டர்கள் இரண்டு ஆன்டெனாக்களில் இரண்டு தரவு ஓடைகளை ஒரே நேரத்தில் வாங்கும், இதை மைமோ என்பார்கள். வண்டிப் பூஸ்டர்களில் பெரும்பாலானவை ஒற்றைப் பாதை உடையவை. சிக்னல் நன்றாக இருக்கும் ஊர்ப்புறத்தில் பூஸ்டரை அணைக்காமல் ஓட்டினால் பதிவிறக்க வேகம் பாதியாகக் குறைவது இதனால்தான்.

மாற்றியமைத்தது

பூஸ்டரும் நீளக் கேபிளும் வெளியே போகின்றன. அந்த இடத்தில் வருவது, கழற்றி மாட்டக்கூடிய இரண்டு எஸ்எம்ஏ (திருகி மாட்டும் சிறு கனெக்டர் வகை) ஆன்டெனா வாய்கள் உள்ள, குறைந்தது கேட்-6 (4ஜி மோடத்தின் வேக வகுப்பு) தர 4ஜி ரவுட்டர். 9 முதல் 30 வோல்ட் வரை நேரடியாக வாங்கக்கூடியதாகவும் இரண்டு சிம் ஏற்பதாகவும் இருக்க வேண்டும். அதைக் கூரையடி அலமாரியில் வைத்தால் கேபிள் நீளம் 1.5 மீட்டரில் முடிந்துவிடும். எல்எம்ஆர்-195 ரகக் கேபிளில் அந்த நீளத்துக்கு 900இல் அரை டெசிபெல், 1800இல் 0.8. முன்பு 7.5 போன இடத்தில் இவ்வளவுதான்.

கூரைமேல் இரண்டு 4ஜி கம்பிகள் ஒரே ஓட்டுக்குள் அடங்கிய மைமோ ஆன்டெனா. ஃபைபர் கூரை என்பதால் 'உலோகத் தளம் தேவையில்லை' என்று குறிப்பிட்டதை வாங்க வேண்டும். இல்லையென்றால் கூரையின் உட்புறத்தில் 30க்கு 30 சென்டிமீட்டர், 1 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டை ஒட்டி, ஆன்டெனாவின் அடித் திருகு அந்தத் தகட்டை இறுகத் தொடும்படி முடுக்க வேண்டும். தனித்தனி ஆன்டெனாக்கள் என்றால் இரண்டுக்கும் இடையே அரை அலைநீளம், 800 மெகாஹெர்ட்ஸில் சுமார் 19 சென்டிமீட்டர். சோலார் பலகை, ஏசி பெட்டி, சாமான் கம்பி இவற்றிலிருந்து 40 சென்டிமீட்டராவது தள்ளி வைப்பது நல்லது. ஏசி பெட்டி ஆன்டெனாவைவிட உயரமானால் அந்தத் திசையில் டவர் மறைந்தே போகும். ஓட்டை போட்டபின் விளிம்பைத் தேய்த்து, பாலியுரித்தேன் சீலன்ட் தடவி மூடி, கேபிள் உள்ளே நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க விட வேண்டும். கேபிள் வழியே ஓடும் மழைநீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கனெக்டரில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. வைஃபை ஆன்டெனாக்களுக்கு ஆர்பி-எஸ்எம்ஏ என்ற வகை. 4ஜி வாய்க்கு எஸ்எம்ஏ. மரை ஒன்றே என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று திருகிக்கொள்ளும். ஆனால் நடு ஊசி இரண்டு பக்கமும் இல்லாமல் போகும், அல்லது இரண்டு ஊசிகள் முட்டி உடையும். மாட்டுவதற்கு முன் ஒரு பக்கம் ஊசி, மறுபக்கம் துளை என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும். விரலால் இறுக்கினால் போதும்.

மின்சாரத்தில் பிழை பிறந்தால் அது சிக்னல் கோளாறாகவே வேடம் போடும். எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது 12 வோல்ட் பேட்டரி ஒரு கணம் 9க்கும் கீழே சரியலாம். ரவுட்டர் அப்போது அணைந்து எழுந்து, மறுபடி இணைய ஓரிரு நிமிடம் எடுக்கும். சிகரெட் லைட்டர் வாயை விட்டுவிட்டு, பேட்டரியிலிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி இணைப்பு இழுத்து, பேட்டரி முனைக்கு அருகிலேயே 5 ஆம்பியர் ஃபியூஸ் போட வேண்டும். 5 மீட்டர் தூரத்துக்கு 2 ஆம்பியரில் கால் வோல்ட்தான் குறையும். சரிவு மிகுந்தால் வோல்ட்டை நிலையாக வைக்கும் ஒரு டிசி-டிசி மாற்றியும் சேர்க்கலாம். 10 வாட் ரவுட்டர் நாள் முழுக்க ஓடினால் 20 ஆம்பியர்-மணி குடிக்கும், ஆகவே ஸ்டார்ட் பேட்டரியில் மாட்டினால் மறுநாள் காலை வண்டி கிளம்பாமல் போகலாம். துணைப் பேட்டரியே பொருத்தம். மலிவான யூஎஸ்பி சார்ஜர்களும் எல்இடி விளக்குகளும் ரேடியோ இரைச்சல் கிளப்புவதுண்டு. ஒவ்வொன்றாக அணைத்து எஸ்ஐஎன்ஆரைப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

ஓடும்போதும் நிற்கும்போதும்

இந்த மாற்றங்களோடு அதே இடத்தில், கூரை ஆன்டெனாவில் எதிர்பார்க்கக்கூடியது ஆர்எஸ்ஆர்பி -102, எஸ்ஐஎன்ஆர் 11. போனுக்குள் இருக்கும் ஆன்டெனா தாழ் அலைவரிசைகளில் மிகவும் பலவீனமானது, அதனால்தான் 4 டிபிஐ ஆன்டெனாவே 6 டெசிபெல் லாபம் தருகிறது. ஆன்டெனாவின் லாபம் இரு வழியிலும் வேலை செய்யும் என்பதை இங்கே கவனிக்க வேண்டும்: 0.2 வாட் மோடம் டவரின் காதில் 0.8 வாட் போலக் கேட்கிறது. பூஸ்டர் இல்லாமல், சட்டச் சிக்கல் இல்லாமல், உறைந்த முகம் அசைய ஆரம்பிப்பது இந்த 6 டெசிபெலில்தான்.

வண்டி நின்றபின் மாலை அழைப்புக்கு இன்னும் வேண்டும் என்றால் திசை ஆன்டெனா. 9 டிபிஐ மைமோ பலகையோ, பல நீளக் கம்பிகளை வரிசையாக அடுக்கிய லாக்-பீரியாடிக் ஆன்டெனாவோ, 5 மீட்டர் மடக்குக் கம்பத்தில். திறந்தவெளியில் உயரம் இரட்டிப்பானால் 6 டெசிபெல் வரை கூடும். ஆன்டெனாவை மாற்றுவதைவிட உயர்த்துவது பல நேரம் அதிகம் தரும். இங்கே கேபிள் 7 மீட்டர் ஆவதால் எல்எம்ஆர்-400 ரகம் வேண்டும். அந்த நீளத்துக்கு 900இல் 0.9, 1800இல் 1.3 டெசிபெல் இழப்பு. கணக்குப்படி போனைவிட 20 டெசிபெல் கூட வேண்டும். மேடு மறைப்பதால் அவ்வளவும் வராது, -93ஐ ஒட்டி நிற்கும், எஸ்ஐஎன்ஆர் 17 அளவில்.

திசை பார்க்கும்போது வரைபடத்தில் அருகில் தெரியும் டவரை நோக்கித் திருப்பிவிட்டு நிறுத்திவிடக் கூடாது. 30 பாகை வீதம் பன்னிரண்டு நிலைகளில் சுற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடம் காத்து எஸ்ஐஎன்ஆரைக் குறிக்க வேண்டும். மோடம் சராசரி எடுத்தே எண்ணைக் காட்டுவதால் வேகமாகத் திருப்பினால் முந்தைய திசையின் எண்தான் திரையில் இருக்கும். சில நேரம் எதிர் மலைச்சரிவில் பட்டுத் திரும்பும் அலைதான் சிறந்ததாக அமையும். கம்பத்தை ஏற்றும் முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார்ப்பது உயிர் காக்கும் விஷயம். இடி கேட்டால் இறக்கி, கேபிளையும் கழற்றிவிட வேண்டும். கம்பத்தை இறக்க மறந்து வண்டியை எடுப்பதும் நடக்கும். கம்பம் ஏறியிருக்கும் வரை வண்டிச் சாவி கம்பத்தின் பூட்டுக் கொக்கியிலேயே தொங்கட்டும்.

ரவுட்டரை ஒரே அலைவரிசையில் நிறுத்தி வைக்கும் அலைவரிசைப் பூட்டு பயனுள்ளது, ஆபத்தானதும்கூட. ஒரே தூரத்தில் 2300 மெகாஹெர்ட்ஸ், 800ஐவிட வெறும் காற்றிலேயே 9 டெசிபெல் கூடுதலாக இழக்கிறது, மரமும் மேடும் வந்தால் இன்னும் அதிகம். நின்ற இடத்தில் 700, 800, 850, 900 இவற்றில் கிடைப்பதைப் பூட்டிப் பார்க்கலாம். கிளம்பும்போது பூட்டைக் கழற்றாவிட்டால் அந்த அலைவரிசை இல்லாத அடுத்த டவரின் அடியிலேயே 'சேவை இல்லை' என்று காட்டும். 5ஜி ரவுட்டரானால் தொலைவிடங்களில் 4ஜியில் மட்டும் வைத்தால் போதும், 5ஜி விளிம்பில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பது இணைப்பை அறுக்கும்.

பூஸ்டருக்குச் செலவழிக்க நினைக்கும் பணத்தில் முதல் பங்கு இரண்டாவது நிறுவனத்தின் சிம்முக்குப் போக வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒரு நிறுவனத்தின் டவரே இல்லாத பள்ளத்தில் எந்த ஆன்டெனாவும் ஒன்றுமில்லாததைப் பெருக்காது. இரட்டை சிம் ரவுட்டர் பெரும்பாலும் ஒரே மோடத்தில் மாறி மாறி இணைவதால், மாறும்போது அரை நிமிடம் முதல் ஓரிரு நிமிடம் வரை துண்டிப்பு இருக்கும். அது பொறுக்காது என்றால் இரண்டு மோடம் உள்ளது வேண்டும். எல்லா நிறுவனமும் கைவிட்ட இடத்தில் செயற்கைக்கோள்தான். ஸ்டார்லிங்க்கின் சிறிய தட்டு சராசரியாக 25 முதல் 40 வாட் எடுக்கும், ரவுட்டரைவிட மூன்று நான்கு மடங்கு. அதற்கு வானம் திறந்திருக்க வேண்டும், அந்த நாட்டின் அனுமதியும் இருக்க வேண்டும்.

பூஸ்டர் பொருந்தும் வண்டியும் உண்டு. முழு இரும்புக் கூரை, ஓடிக்கொண்டே பேச வேண்டிய பல போன்கள், விதி அனுமதிக்கும் நாடு. அப்போதும் வெளி ஆன்டெனா கூரை நடுவில், உள் ஆன்டெனா இருக்கை அருகில் தாழ்வாக, நடுவே கூரைத் தகடு மறைக்கும்படி.

அமைப்பு ஓடத் தொடங்கியபின் கெடுக்க வருபவை இரண்டு. ஒன்று வெயில்: மூடி நிறுத்திய வண்டிக்குள் கூரையடி வெப்பம் 60 டிகிரியைத் தாண்டும், ஆகவே 75 டிகிரி வரை தாங்கும் ரவுட்டராகப் பார்த்து, அலமாரிக் கதவில் காற்றுத் துளை விட வேண்டும். பேட்டரி உள்ள பாக்கெட் ஹாட்ஸ்பாட்டை அங்கே நிரந்தரமாக வைக்கக் கூடாது, பேட்டரி உப்பிவிடும். மற்றொன்று ஈரம். மழைக்குப்பின் எஸ்ஐஎன்ஆர் சரிந்து, இரண்டு நாள் வெயிலில் தானே தேறினால் கனெக்டருக்குள் தண்ணீர் போயிருக்கிறது. அதைக் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்துவதில் பலன் குறைவு: செம்பு பச்சை பூத்திருந்தால் அந்த முனையை வெட்டி, புதுக் கனெக்டர் போட்டு, தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும்.